சிறு கணினி வலையமைப்பில் சேரும் விதம்

கணினி என்றதும் திரையும் விசைப்பலகையும் கொண்ட பெட்டியே நம் கண்முன் தோன்றும். ஆயின், அவ்விரண்டும் இல்லாத கணினிகள் நம்மைச் சூழ எத்தனையோ உள்ளன. சலவை இயந்திரம், மின்தூக்கி, மோட்டார் வண்டி, மருத்துவக் கருவி முதலியவற்றின் உள்ளே அவை அமர்ந்து பணிபுரிகின்றன. இவற்றை உள்ளமைந்த கணினிகள் என்பர். இவற்றுக்கும் இயங்குதளம் உண்டு. விண்ட் ரிவர் நிறுவனத்தின் வீஎக்ஸ்வர்க்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினியில் இயங்கியதும் அதுவே.

இத்தகைய கணினி வலையமைப்பில் சேர வேண்டுமாயின், அதன் வலையமைப்புச் சில்லை இயக்கும் மென்பொருள் முதலில் எழுப்பப்படல் வேண்டும். அம்மென்பொருளை இயக்கி என்போம். மேசைக் கணினியாயின் ஐயம் நேரும்போது நம்மிடம் கேட்கும். இதற்கோ கேட்பதற்கு ஆளில்லை. ஆகவே அனைத்தையும் முன்னரே எழுதிவைக்க வேண்டும்.

1990களின் இறுதியில் வெளிவந்த வீஎக்ஸ்வர்க்ஸ் பதிப்புகளில் இதற்கென ஓர் அட்டவணை இருந்தது. (பிற்காலப் பதிப்புகளில் வேறு முறை வந்துவிட்டது, எனினும் கற்பதற்கு இப்பழைய முறையே தெளிவானது.) ஒரு சில்லுக்கு ஒரு வரி. அவ்வரியில் சில்லின் வரிசை எண், அதன் இயக்கியை ஏற்றும் கட்டளை, அமைப்பு விவரங்கள் அடங்கிய ஓர் எழுத்துச் சரம் முதலியன இருக்கும். அட்டவணை முடிந்தது என்பதைக் காட்டும் இறுதி வரியை எழுத மறந்தால், கணினி நினைவகத்தில் அடுத்துக் கிடக்கும் பொருளற்ற எண்களையும் இயக்கி என்றெண்ணிப் படித்துக்கொண்டே போகும்!

இனி எழுப்பும் முறையைக் காண்போம். நம் ஆசிரியர் வரவு இடாப்பைப் பார்த்து ஒவ்வொருவராக அழைப்பதுபோல், இயங்குதளம் வரிவரியாக அழைக்கிறது. வியப்பு யாதெனில், ஒவ்வோர் இயக்கியையும் அது இருமுறை அழைக்கும். முதன்முறை வெறுஞ்சரத்தைக் கொடுத்து அழைக்கும். "உன் பெயர் என்ன?" என்பதே அதன் பொருள். இயக்கி தன் பெயரை மட்டும் சொல்லும். அப்பெயரும் வரிசை எண்ணும் கொண்ட வேறொன்று ஏற்கெனவே ஏறியிருந்தால், புதியதை ஏற்க மறுத்துவிடும். இல்லையேல், இரண்டாம் முறை முழு விவரங்களுடன் அழைக்கும். அப்பொழுதுதான் இயக்கி தனக்குரிய நினைவிடத்தைப் பெற்று, சில்லைத் துப்புரவான தொடக்க நிலைக்குக் கொணர்ந்து, அதன் வன்பொருள் முகவரியை அறிந்துகொள்கிறது. இன்னமும் ஒரு செய்தியும் ஓடாது. தொடங்கு என்னும் தனிக் கட்டளை வந்த பின்னரே சில்லின் அழைப்புகளுக்குச் செவிகொடுக்கும். அதன் பின்னரே இணைய முகவரி பொருந்தும். இவ்வொழுங்கு மாறினால், பெறுவதற்கு ஆயத்தமாகுமுன் செய்தி வந்து, கணினி அங்கேயே நின்றுவிடவும் கூடும்.

ஒரு கணினிக்குள் ஒரே பெயர் இருமுறை வராமல் காக்கும் இவ்வேற்பாடு, கம்பிக்கு அப்பால் உதவாது. இதனை நாம் பட்டறிந்தோம். மருந்துகள் வைக்கும் இரு குளிரறைகளின் வெப்பநிலையை அறிவிக்க, ஒரே வகையான இரு கருவிகளை ஆயத்தம் செய்திருந்தோம். தனித்தனியே சோதித்தபோது இரண்டும் செவ்வனே இயங்கின. சேர்த்துப் பூட்டியதும் ஒரு நேரம் முதல் அறையின் செய்தி வரும். மறு நேரம் வராது. கம்பிவடத்தைக் குறைகூறி இரண்டு நாட்களை வீணாக்கினோம். இதற்கிடையே, மருந்து கெடுகிறதா என அறிய ஒருவர் மணிக்கொருமுறை நேரில் சென்று வெப்பமானியைப் பார்க்க வேண்டியதாயிற்று.

காரணம் எளியது. ஈதர்நெட் வலையில் ஒவ்வொரு சில்லுக்கும் 48 பிட் கொண்ட தனி முகவரி வேண்டும். நாமோ மாதிரியாகக் கிடைத்த அமைப்புக் கோப்பை இரண்டு கருவிகளிலும் அப்படியே படியெடுத்திருந்தோம். அதிலிருந்த முகவரியும் கூடவே சென்றுவிட்டது. இடையிலுள்ள சுவிட்ச், எந்தத் துளையிலிருந்து கடைசியாக அம்முகவரி பேசியதோ அந்தத் துளைக்கே பதிலை அனுப்பும். ஒரே பெயருடைய இரு மாணவிகளுள் கடைசியாகக் கை தூக்கியவளிடமே கடிதங்கள் அனைத்தையும் கொடுத்தால் என்னவாகும்?

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து இதனைக் கண்ணாற் காணலாம். வீட்டு இணையப் பெட்டியின் அடியில் ஒட்டிய தாளைப் பாருங்கள். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள குறிகளால் ஆன பன்னிரண்டு இடங்கள் இருக்கும். முதல் ஆறு, ஐ.ஈ.ஈ.ஈ. எனும் அமைப்பு தயாரிப்பாளருக்கு வழங்கியவை. பின் ஆறு, அத்தயாரிப்பாளர் ஒவ்வொரு சில்லுக்கும் தாமே இட்டவை. கைத்தொலைபேசியில் இதைத் தேடினால் குழப்பம் நேரலாம். அண்மைக்காலத் தொலைபேசிகள் பல, தம்மை மறைத்துக்கொள்ள வலைக்கு வலை வேறு முகவரி காட்டுகின்றன.

நம் கருவிகளுக்கோ, ஒவ்வொன்றின் அழியா நினைவகத்திலும் தனி முகவரி எழுதினோம். அவ்விடம் வெறுமையாகவோ பழைய மாதிரி எண்ணுடனோ இருந்தால் இயக்கி தொடங்க மறுத்துச் சிவப்பு விளக்கை ஏற்றும்படியும் ஒரு வரி சேர்த்தோம். அடுத்த மாதம் பூட்டிய மூன்றாம் கருவியில் அவ்விளக்கு எரிந்தது.