கணினிக்குள் ஒரு வேர்ட்பிரஸ்: முகவரி மாற்றத்தில் நேரும் பிழை

இணையத்தில் ஓடும் வேர்ட்பிரஸ் தளத்தின் நகலைச் சொந்தக் கணினியில் நிறுவி, மாற்றங்களை அங்கே சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பான முறை. விண்டோஸ் கணினியில் இதற்கு ஸாம்ப் போதும்; அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றும் அதில் சேர்ந்தே வருகின்றன. அப்பாச்சி கிளம்ப மறுத்தால், பெரும்பாலும் 80ஆம் போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்திருக்கும். அப்பாச்சியின் போர்ட்டை 8080 ஆக்கினால் சரியாகும். தரவுத்தள இணைப்புப் பிழை வந்தால் கான்ஃபிக் கோப்பைப் பார்க்க வேண்டும்: ஸாம்பில் பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் வெற்று. பழைய தளத்துக்குப் பதிலாகப் புதிதாக நிறுவச் சொல்லும் திரை தோன்றினால், அட்டவணைப் பெயர்களின் முன்னொட்டு பொருந்தவில்லை. இவை எளிய வேலைகள்.

அடுத்து வரும் சிக்கல் ஆபத்தானது. லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் உலாவி அசல் தளத்துக்குத் தாவிவிடும். நகலில் வேலை செய்வதாக எண்ணிக்கொண்டு, வாசகர் பார்க்கும் தளத்திலேயே கைவைப்பது இப்படித்தான் நேர்கிறது. ஆப்ஷன்ஸ் அட்டவணையில் சைட்யூஆர்எல், ஹோம் என்ற இரு வரிகளில் பழைய முகவரி இருப்பதே காரணம். அவற்றைத் திருத்திய பிறகும் தாவல் தொடர்ந்தால், உலாவி பழைய திசைமாற்றத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் உண்மை தெரியும்.

பதிவுகளுக்குள் கிடக்கும் பழைய முகவரிகளை மாற்றும்போதுதான் பெரிய இழப்பு ஏற்படுகிறது. தரவுத்தளக் கோப்பை நோட்பேடில் திறந்து, பழைய முகவரி வரும் இடமெல்லாம் புதியதைப் போட்டுவிடும்படி பல வழிகாட்டிகள் சொல்கின்றன. இது தவறான அறிவுரை. பலரின் உழைப்பைக் கெடுத்த அறிவுரையும்கூட. தீம், விட்ஜெட் அமைப்புகளில் பலவற்றை வேர்ட்பிரஸ் வெறும் உரையாகச் சேமிப்பதில்லை. அவற்றை ஒரு தொகுப்பாகக் கட்டி, ஒவ்வொரு சொற்சரத்தின் முன்னும் அதன் நீளத்தையும் எழுதிவைக்கிறது. 19 என்று குறித்த இடத்தில் 16 எழுத்துள்ள முகவரி வந்து உட்கார்ந்தால் பிஎச்பி அந்தத் தொகுப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். முகப்புப் படம், மெனு நிறம், பக்கவாட்டுப் பட்டை எல்லாம் மறைந்துபோகும்.

இதில் கொடுமை, எந்த எச்சரிக்கையும் வராததுதான். இந்தத் தொகுப்பைப் பிரிக்கும் இடத்தில் பிழைச் செய்தியை வேர்ட்பிரஸே அடக்கிவைக்கிறது. அதனால் டீபக் வசதியை இயக்கினாலும் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. தீம் பழுது, பிளகின் மோதல் என்று வேறெங்கோ தேடிப் பொழுது போகும். காலியாகத் தெரியும் அமைப்புப் பக்கத்தில் ‘சேமி’ பொத்தானை அழுத்தினால், மீட்கக்கூடிய பழைய வரியும் போய்விடும்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. அந்த நீளம் எழுத்துக் கணக்கன்று, பைட் கணக்கு. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூடிஎஃப்-8இல் 15 பைட். ஏற்றுமதியின்போது எழுத்துக்குறியீடு தவறி, தமிழ் கேள்விக்குறிகளாக மாறினால், முகவரியைத் தொடாமலே கணக்கு பிசகும். தமிழ் விட்ஜெட் தலைப்பு உள்ள தளங்கள் இதில் முதலில் அடிபடும்.

சரியான கருவி டபிள்யூபி-சிஎல்ஐ. அதன் சர்ச்-ரிப்ளேஸ் கட்டளை தொகுப்பைப் பிரித்து, முகவரியை மாற்றி, நீளத்தைத் திரும்ப எண்ணி எழுதுகிறது. ட்ரை-ரன் சேர்த்து ஓட்டினால் எதையும் மாற்றாமல், எத்தனை இடங்கள் மாறும் என்று மட்டும் காட்டும்; முதல் ஓட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும். நோட்பேடில் ஏற்கெனவே கெடுத்த கோப்பை ஒட்டுப்போட முயல்வது வீண். அசல் தளத்திலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்து, கைபடாத அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வதே விரைவான வழி.

முகவரி மாற்றம் முடிந்த பிறகு முகப்பு திறந்து, உள்பக்கங்கள் மட்டும் 404 காட்டினால் பெர்மாலிங்க் அமைப்புப் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமித்தால் போதும். வேர்ட்பிரஸ் வழிமாற்று விதிகளைப் புதிதாக எழுதிக்கொள்ளும்.