மதுரை யாத்திரையின் முறைமை

மதுரைக்கு யாத்திரையாக எழுந்தருளும் அன்பர்கள் முதலில் மனத்திற்கொள்ளத் தக்கது பொழுதின் அளவேயாம். பெரும்பாலான சந்நிதிகள் நண்பகலில் திருக்காப்பிடப்பெற்று, மாலையிலேயே மீண்டும் திறக்கப்பெறும். ஆதலின் தொலைவிலுள்ளதைக் காலையிலும் நகரிலுள்ளதை மாலையிலும் சேவித்தல் நன்று.

நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் திருமாலிருஞ்சோலை விளங்குகின்றது. வைகறையிற் புறப்பட்டுக் கள்ளழகரைச் சேவித்து, மலைமேல் பழமுதிர்சோலை முருகனையும் நூபுர கங்கையையும் தரிசிக்கலாம். அம்மலையிலேயே கிடாரிப்பட்டிப் புறத்துக் குகைத்தளத்தில் சமண முனிவர்தம் கற்படுக்கைகளும், சுமார் 2000 ஆண்டுத் தொன்மையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன.

மாலையில் கூடலழகர். வீற்றிருந்த, நின்ற, கிடந்த திருக்கோலங்கள் மூன்றும் அஷ்டாங்க விமானத்தின் மூன்று தளங்களில் உள்ளன. படியேற வேண்டுமாதலின் முதியோர் இளைப்பாறி வருக. அண்மையில் காஜிமார் பள்ளிவாசல் உளது. நிறைவாக மீனாட்சியம்மன் திருக்கோயில்.

இந்நகரில் எம்பெருமானைக் கண்ட பெரியாழ்வார் வரம் ஏதும் வேண்டிலர். அவ்வழகுக்குக் கண்ணேறு நேருமோ என்றஞ்சிப் பல்லாண்டு பாடினார் என்பர் பெரியோர். கண்டதைக் காக்க விழையும் அப்பரிவே யாத்திரையின் பயன். தொல்லெழுத்தின்மேல் தம் பெயரைக் கீறுவோரும், பிறர் வழிபடுமிடத்தில் ஆரவாரிப்போரும் எத்தனை சந்நிதி சேவித்தாலும் அப்பயனை அடையார்.