கேட்கத் தயங்காத நால்வர்

ரோபோ என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் இடும் கட்டளைப்படி வேலை செய்யும் இயந்திரமே ரோபோ. கார் ஆலையில் இரும்பைப் பற்றவைக்கும் ரோபோ உண்டு. கடலில் மூழ்கி வேலை செய்யும் ரோபோவும் உண்டு.

கடலில் ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும். அங்கே மனிதர் இறங்குவது ஆபத்து. ஆகவே ரோபோவை இறக்குகிறார்கள். மேலே இருப்பவர் நீண்ட கம்பிவடம் வழியாக அதை இயக்குகிறார். அதிலுள்ள கேமரா அடியில் இருப்பதைக் காட்டுகிறது.

இத்தகைய ரோபோவைச் செய்து இயக்க மாணவர்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் அப்படி ஒரு போட்டி நடந்தது. அதைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

பாலைவன ஊர் மாணவர்கள்

அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்ற நகரம் இருக்கிறது. அது பாலைவனத்து ஊர். அருகில் கடல் இல்லை. அங்குள்ள கார்ல் ஹேடன் பள்ளியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம். ஆஸ்கார், கிறிஸ்டியன், லொரென்சோ, லூயிஸ் ஆகிய நால்வரும் அங்கே படித்தார்கள்.

நால்வரும் மெக்சிகோவில் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அங்கே குடியிருக்க உரிய அனுமதி அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய தாய்மொழி ஸ்பானிஷ். ஆங்கிலத்தைப் பிறகுதான் கற்றார்கள்.

பிரெடி லஜ்வர்தி, ஆலன் கேமரன் என்ற இரண்டு ஆசிரியர்கள் அவர்களுக்கு வழிகாட்டினார்கள். போட்டியில் பள்ளிகளுக்கு ஒரு பிரிவும், பெரிய கல்லூரிகளுக்கு ஒரு பிரிவும் இருந்தன. ஆசிரியர்கள் இவர்களைக் கல்லூரிப் பிரிவில் சேர்த்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் தோற்றால் அதில் வெட்கம் இல்லை என்று எண்ணினார்கள். அந்தப் பிரிவில் உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி. அணியும் இருந்தது.

கேட்டுக் கேட்டுச் செய்தார்கள்

மாணவர்கள் திரட்டிய பணம் சுமார் 800 டாலர். விலை உயர்ந்த உலோகம் வாங்க அது போதாது. ஆகவே வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பி.வி.சி. குழாயில் ரோபோவின் உடலைச் செய்தார்கள். குழாய்க்குள் காற்று இருக்கும். ஆகவே அது நீரில் மிதக்க உதவும். குழாயை ஒட்டிய பசை கடுமையாக நாறியது. அதனால் ரோபோவுக்கு "ஸ்டிங்கி" என்று பெயர் வைத்தார்கள். நாற்றம் பிடித்தது என்று பொருள்.

தெரியாததை அவர்கள் மறைக்கவில்லை. நீரின் வெப்பத்தை அளக்க எந்தக் கருவி நல்லது? அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கருவிகளை விற்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். அங்கிருந்த நிபுணர் பள்ளிப் பிள்ளைகள்தானே என்று ஒதுக்காமல் பொறுமையாக விளக்கினார்.

ஒழுகியது பெட்டி

போட்டி சாண்டா பார்பரா நகரில் ஒரு பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் நடந்தது. அங்கே போன பிறகு ஒரு சிக்கல். ரோபோவின் மின்கருவிகள் இருந்த பெட்டிக்குள் நீர் கசிந்தது. நீர் பட்டால் கருவிகள் கெட்டுவிடும். புதுப் பெட்டி செய்ய நேரமில்லை.

லொரென்சோவுக்கு ஒரு யோசனை வந்தது. மாதவிலக்கின்போது பெண்கள் பயன்படுத்தும் பஞ்சுச் சுருள் ஈரத்தை நன்றாக உறிஞ்சுமே! அதைப் பெட்டிக்குள் வைத்தால் என்ன? கடைக்குப் போனான். எதை வாங்குவது என்று தெரியவில்லை. கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் அங்கிருந்த ஒரு பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டான். அவர் நல்லதாக ஒன்றைக் காட்டினார். அந்தப் பஞ்சு கசிந்த நீரை உறிஞ்சிக்கொண்டது. ஸ்டிங்கி தப்பியது.

மூன்று சோதனைகள்

குளத்தில் ரோபோ பல வேலைகளைச் செய்ய வேண்டும். அடியில் கிடந்த பீப்பாயில் ஒரு சிறு துளை. அதன் வழியே உள்ளிருக்கும் திரவத்தை எடுத்து வருவது கடினமான வேலை. ஸ்டிங்கி ஒரு சிறு பம்பால் அதை உறிஞ்சி, பலூனில் நிரப்பிக்கொண்டு மேலே வந்தது.

அடுத்தது நேர்காணல். ரோபோவை எப்படிச் செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று நடுவர்கள் கேட்டார்கள். தாங்களே செய்ததால் தெளிவாகப் பதில் சொன்னார்கள். செய்ததை எல்லாம் அறிக்கையாக எழுதியும் கொடுத்திருந்தார்கள்.

முடிவு வந்தது. சிறந்த வடிவமைப்புக்கான பரிசு அவர்களுக்கே. தொழில்நுட்ப அறிக்கையைச் சிறப்பாக எழுதிய பரிசும் அவர்களுக்கே. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகள் எழுத்தில் பரிசு பெற்றார்கள்! கடைசியில் மொத்தப் போட்டியிலும் முதலிடம் பெற்றார்கள். எம்.ஐ.டி. அணிக்கு இரண்டாம் இடம்.

வெற்றிக்குப் பிறகு

வெற்றி எல்லாக் கதவுகளையும் திறக்கவில்லை. அரிசோனாவில் 2006-இல் ஒரு சட்டம் வந்தது. குடியிருப்பு அனுமதி இல்லாத மாணவர்கள் அதிகக் கட்டணம் கட்ட நேர்ந்தது. கிறிஸ்டியன் பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்தினார். லொரென்சோவும் லூயிஸும் சமையல் கற்று அந்தத் தொழிலுக்குப் போனார்கள். ஆஸ்கார் 2009-இல் பொறியியல் பட்டம் பெற்றார். பின் முறைப்படி அனுமதி கேட்பதற்காக மெக்சிகோ சென்றார். முதலில் மறுத்தார்கள். 2010-இல் அனுமதி கிடைத்துத் திரும்பினார். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். குடியுரிமையும் பெற்றார்.

இவர்களின் கதை 2015-இல் திரைப்படமாகவும் வந்தது.

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது குறைவல்ல. கேட்டதைச் செய்து பார்க்க வேண்டும். செய்ததை எழுதி வைக்க வேண்டும். நால்வரும் இந்த மூன்றையும் செய்தார்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. ரோபோவுக்கு ஸ்டிங்கி என்று ஏன் பெயர் வைத்தார்கள்?
2. பெட்டிக்குள் கசிந்த நீரை எப்படிச் சமாளித்தார்கள்?
3. திறமை இருந்தும் கிறிஸ்டியன் படிப்பை ஏன் நிறுத்தினார்? இது சரியா? குழுவில் பேசுங்கள்.
4. உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்தி எது? அதை யாரிடம் கேட்பீர்கள்? கேட்டு வந்து ஐந்து வரி எழுதுங்கள்.