27 கேள்விகளோடு ஓர் இளைஞர்

அன்புள்ள தம்பிக்கு,

படிப்பு முடிந்து வேலையிலும் சேர்ந்த பிறகு, 'எதற்காக இதெல்லாம்?' என்ற கேள்வி தூங்கவிடாமல் செய்கிறது என்று எழுதியிருந்தாய். எந்தப் புத்தகத்தைப் படித்தால் தெளிவு பிறக்கும் என்றும் கேட்டிருந்தாய். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வதைவிட, ஏறக்குறைய உன் வயதில் இதே தவிப்போடு படித்த ஒருவரைப் பற்றிச் சொல்வது உனக்கு அதிகம் உதவும்.

1893-இல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போன மோகன்தாஸ் காந்திக்கு வயது 23. பிரிட்டோரியாவில் வழக்கறிஞர் பேக்கர் அவரைப் பகல் ஒரு மணிப் பிரார்த்தனைக்கு அழைத்துப் போனார். கோட்ஸ் என்ற கிறிஸ்தவ நண்பர் புத்தகம் புத்தகமாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முஸ்லிம் நண்பர்களோ இஸ்லாத்தைப் படிக்கத் தூண்டினார்கள். பிறந்த மதத்திலோ தீண்டாமையை அவரால் ஏற்கவே முடியவில்லை. எந்தப் பக்கமும் முழு மனத்தோடு சாய முடியாத நிலை.

ஒருநாள் காந்தியின் கழுத்தில் கிடந்த துளசி மாலை கோட்ஸின் கண்ணில் பட்டது. இது மூடநம்பிக்கை, வாருங்கள், நானே அறுத்துவிடுகிறேன் என்றார் அவர். காந்தி சம்மதிக்கவில்லை. அந்த மாலையின் மகிமை என்னவென்று அவருக்கே தெரியாது. ஆனால் அம்மா அன்போடு அணிவித்தது. தானாகத் தேய்ந்து அறுந்தால் புதிதாக ஒன்று தேடப்போவதில்லை, காரணமில்லாமல் அறுக்கப்போவதுமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் கோட்ஸ் கொடுத்த புத்தகங்களை வாங்கிப் படிப்பதை அவர் நிறுத்தவில்லை. குழப்பமான காலத்தில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், தம்பி. யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக முடிவெடுக்கத்தான் கூடாது.

படிக்கப் படிக்கச் சந்தேகம் கூடியது. 1894-இல் அவர் 27 கேள்விகளை எழுதி, பம்பாயில் வைர வியாபாரம் செய்துவந்த ராய்சந்த்பாய்க்கு அனுப்பினார். ஆன்மா என்றால் என்ன, கடவுள் என்றால் என்ன, மோட்சம் என்றால் என்ன என்று தொடங்கிய அந்தப் பட்டியல், பாம்பு கடிக்க வந்தால் கடிக்க விடுவதா, கொல்வதா என்ற கேள்வியில் முடிந்தது. ராய்சந்த்பாய் காந்தியைவிட இரண்டே வயது மூத்தவர். ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார்; படிக்கச் சில நூல்களையும் அனுப்பிவைத்தார். காந்தியின் தவிப்பு ஓரளவு தணிந்தது. ஆனாலும், அவ்வளவு மதித்த அந்த மனிதரைக்கூடத் தம் குருவாக ஏற்க முடியவில்லை, அந்த இடம் காலியாகவே இருக்கிறது என்று பின்னாளில் வெளிப்படையாக எழுதினார்.

அந்த நாட்களில்தான் டால்ஸ்டாயின் 'கடவுளின் ராஜ்யம் உனக்குள்ளே' கைக்கு வந்தது. கோட்ஸ் கொடுத்த புத்தகங்களெல்லாம் அதன் முன்னே வெளிறிப்போயின என்று காந்தி எழுதியிருக்கிறார். டால்ஸ்டாயும் ஐம்பது வயதையொட்டி, பேரும் புகழும் சொத்தும் இருந்தும் வாழ்வதற்கு அர்த்தம் தெரியாமல் தவித்தவர். 1908-இல் அவர் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நம் திருக்குறளும் மேற்கோளாக வந்தது. அந்தக் கடிதத்தைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தவர் காந்தி.

படித்ததை அவர் என்ன செய்தார் என்பதுதான் இதில் முக்கியம். ஜோகன்னஸ்பர்க்கில் கீதையை மனப்பாடம் செய்ய நினைத்தார். தனியாக நேரம் இல்லை. காலையில் பல் துலக்க 15 நிமிடம், குளிக்க 20 நிமிடம் ஆகும். சுலோகங்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி எதிர்ச்சுவரில் ஒட்டிவைத்தார். பல் துலக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்து 13 அத்தியாயங்களை நெட்டுருப் போட்டுவிட்டார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு 24 மணி நேர ரயில் பயணம். கிளம்பும்போது போலக் என்ற நண்பர் கொடுத்த, ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்' புத்தகத்தை வழியிலேயே படித்து முடித்தார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. உடலுழைப்பில் வாழும் வாழ்க்கையே வாழத்தக்கது என்ற கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டில் டர்பன் அருகே 100 ஏக்கரில் ஃபீனிக்ஸ் பண்ணை உருவானது.

ஆகவே, நீ செய்யக்கூடியது இது. முதலில் உன் கேள்விகளை ஒரு நோட்டில் எழுது. மழுப்பாமல், பாம்புக் கேள்வியைப்போல நேராக எழுது. ஒரே தரப்பை மட்டும் படிக்காதே; உனக்கு ஒத்துவராத புத்தகம் ஒன்றாவது கூடவே இருக்கட்டும். நீ மதிக்கும் ஒருவரிடம் அந்தக் கேள்விகளைக் கொண்டுபோ. படித்ததில் உண்மை என்று பட்ட ஒன்றை, சிறியதானாலும், அந்த வாரமே செய்து பார்.

இன்னொன்று. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல், மருத்துவரைப் பார். டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம்.

மேலே சொன்னதில் பெரும்பகுதி காந்தியின் 'சத்திய சோதனை'யில் இருக்கிறது. பிரிட்டோரியா நாட்கள் இரண்டாம் பாகத்தில் வருகின்றன, அங்கிருந்தே தொடங்கு. அதைப் படித்துவிட்டு, உன் கேள்விகளில் முதல் மூன்றையாவது எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்