சமுதாயக் கல்லூரி: சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை



தேர்வு முடிவுகள் வரும் காலம் இது. அலுவலக மேசையில் இப்போதே பதினேழு மனுக்கள் கிடக்கின்றன. அவற்றில் ஆறு மனுக்களில் "சமுதாயக் கல்லூரியில் டிப்ளமோ சேர உதவித்தொகை வேண்டும்" என்று எழுதப்பட்டுள்ளது. சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று அந்த ஆறு குடும்பங்களிடமும் கேட்டேன். "பக்கத்து ஊர்ல இருக்கு, ஃபெயிலானாலும் சேர்த்துக்குவாங்க" என்பதுதான் கிடைத்த பதில். அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாததால் நமது அறக்கட்டளையே ஒருமுறை தவறு செய்திருக்கிறது. கையெழுத்துப் போட்டது நான் என்பதால், அதை நானே எழுதுவதுதான் முறை.

சில வருடங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். தகப்பனார் சபுரில் இருந்தபோதே மௌத்தாகிவிட்டவர். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறியிருந்தான். பக்கத்து ஊரில் ஒரு மாடிக் கட்டடத்தில் "சமுதாயக் கல்லூரி" என்று பலகை மாட்டியிருந்த ஓர் இடத்தில் எலக்ட்ரிகல் டிப்ளமோவுக்கு இடம் வாங்கியிருந்தான். பதினெட்டாயிரம் ரூபாய் கட்டணம். ரசீது புத்தகம் அச்சிட்டிருந்தது, பலகையில் பெரிய எழுத்தில் "அரசு அங்கீகாரம்" என்றும் இருந்தது. நான் வேறெதையும் கேட்கவில்லை. பணம் கொடுத்தோம். பையன் ஒழுங்காகப் படித்தான், சான்றிதழும் வாங்கினான். பிறகு வளைகுடா வேலைக்காகச் சான்றிதழை அட்டெஸ்டேஷனுக்கு அனுப்பியபோது, அதை வழங்கியதாகப் போட்டிருந்த அமைப்பு பல்கலைக்கழகமும் இல்லை, அரசு வாரியமும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அந்தத் தாய் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க படிச்சவங்க, பாத்துத்தான் குடுத்திருப்பீங்கன்னு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. 1901-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில், அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். பள்ளி முடித்த பிள்ளைகள் வீட்டை விட்டுத் தொலைவில் போகாமலேயே, சொந்த ஊரில் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தைப் படிக்கட்டும். பிறகு முடிந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரட்டும். முதலில் சேர்ந்தவர்கள் ஆறே பேர். இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். வெளியூர் விடுதிக்கு அனுப்ப மனமில்லை என்று பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவை அரசே தரும் சட்டம் 1944-ல் வந்தது. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பரப்பச் சொன்னது. "சமுதாயக் கல்லூரி" என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கையால்தான். இன்று கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. மதிப்பெண்ணைப் பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. செவிலியர், தீயணைப்பு வீரர், கார் மெக்கானிக் எல்லாம் அங்கே படித்து வருகிறார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் வேலையும் பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகப் படிப்பவர்கள். குறையும் உண்டு: சேர்ந்த எல்லோரும் முடிப்பதில்லை, பாதியில் நிற்பவர்கள் அங்கே மிக அதிகம். வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே வந்தவனைக் கடைசி வரை கூட்டிச் செல்ல ஆள் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

இந்த ஏற்பாடு நம் பக்கம் வந்தது 1995-ல், புதுவைப் பல்கலைக்கழகம் வழியாக. அடுத்த ஆண்டே சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டத்தார் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பை விட்டவர்கள், குடிசைப் பகுதி இளைஞர்கள், வீட்டிலிருந்த பெண்கள் ஆகியோருக்கு முதலில் பேசவும் பழகவும் கற்றுக்கொடுத்து, பிறகு தொழில் கற்றுக்கொடுத்து, அதன்பின் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நம்மில் பலருக்கு அப்போது அந்தப் பெயரே தெரியாது, எனக்கும் தெரியாது. 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-ல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை நியூ கல்லூரியும் என்று நம் பெரியவர்கள் வணிகத்தில் சம்பாதித்ததைக் கல்லூரிகளாக எழுப்பினார்கள். அவையெல்லாம் பட்டப்படிப்புக்கான வாசல்கள். அந்த வாசல் வரை வராமலே நின்றுபோன பிள்ளையைப் பற்றி யோசிக்க நமக்குத் தாமதமாகிவிட்டது.

இப்போது தமிழ்நாட்டில் "சமுதாயக் கல்லூரி" என்ற பலகையின் கீழ் வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, 2002-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தொழில்சார் டிப்ளமோ நடத்தும் மையங்கள். மற்றொன்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டப்படி ஏற்கனவே உள்ள கலைக் கல்லூரி அல்லது பாலிடெக்னிக்குக்குள்ளேயே நடப்பவை. இதில் பாடத்தில் அறுபது சதவீதம் தொழில் திறன், நாற்பது சதவீதம் பொதுக் கல்வி. சில கல்லூரிகளில் இதே வழியில் பி.வோக். பட்டமும் உண்டு, ஓராண்டில் நின்றால் டிப்ளமோ, இரண்டாண்டில் மேனிலை டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம். மூன்றாவது வகை, பலகை மட்டும் உள்ளவை. நாங்கள் பணம் கட்டியது இந்த மூன்றாவது வகைக்கு.

எப்படிப் பிரித்தறிவது? "அங்கீகாரம் உண்டா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். "கடைசியில் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்? போன வருடம் முடித்த ஒரு பையனின் சான்றிதழைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தொடர்புகொண்டு, இந்த மையத்துக்கு, இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வி ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மூன்றையும் கேட்க வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009-ல் நாடெங்கும் சமுதாயக் கல்லூரிகளைப் பதிவு செய்து, சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. நேற்றைய அனுமதியை வைத்து இன்று பிள்ளையைச் சேர்க்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியமானது. "இந்தச் சான்றிதழை வைத்து எந்தக் கதவு திறக்கும்?" சான்றிதழ் உண்மையானதாக இருந்தும் கதவு திறக்காமல் போவதுண்டு. நம் பெண்பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஹெல்த் அசிஸ்டென்ட் என்ற ஓராண்டு டிப்ளமோவைச் சிலர் "நர்ஸிங்" என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். அது மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கான படிப்பு. அந்த வேலை கண்ணியமானதுதான், நம் ஊர்ப் பெண்கள் சிலர் அதில் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அதை வைத்துச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது. வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கும் போக முடியாது. அதற்கு ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்க வேண்டும். அதுபோலவே மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு எடுக்கலாம். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி அரசுப் பள்ளிக்குப் போக அது உதவாது. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்து சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை.

சமுதாயக் கல்லூரி ஒன்றுதான் வழி என்றும் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற ஈராண்டுப் பிரிவில் படித்து, பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மெதுவான பாதைதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று சம்பாதிக்கலாம், பிறகு ஏறலாம். நான் மேலே சொன்ன பையன் இப்போது இந்தப் பாதையில்தான் இருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்து, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் எல்லோரையும்விட வயதில் மூத்தவன் என்பதால் பையன்கள் அவனை "அண்ணே" என்று கூப்பிடுகிறார்களாம்.

கட்டணத்துக்கு வட்டிக் கடன் வாங்க மனமில்லாமல் படிப்பை நிறுத்தும் குடும்பங்கள் நம்மிடம் உண்டு. அரசு தருவதை முதலில் கேட்டு வாங்குங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 முதல் அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். கலைக் கல்லூரி மட்டுமல்ல, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோருக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் தேவை. சேர்க்கை நாளன்று தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். இதற்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால் நமது அறக்கட்டளையின் அழகிய கடன் இருக்கிறது.

மதரஸாவில் ஓதும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நானும் அந்த வழியில் வந்தவன். ஓதிக்கொண்டே பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினேன். கல்லூரிக்குப் போனது பிறகுதான். இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தும் பன்னிரண்டும் எழுதலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டு நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கினால், அரசுப் பணித் தேர்வுகளில் அது செல்லாது. பத்து, பிறகு பன்னிரண்டு அல்லது அதற்கு இணையானது, பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். வரிசை தவறியதால் வாய்ப்பை இழந்த ஆலிம்கள் இருவரை எனக்கே தெரியும். பிள்ளைகளை ஓத அனுப்பும் பெற்றோரும், மதரஸா நடத்தும் ஹஜ்ரத்மார்களும் இதை முதல் வருடத்திலேயே யோசிக்க வேண்டும்.

கற்பிப்பவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. தொழிலில் அனுபவம் உள்ளவர்களை வகுப்பெடுக்க அழைத்துக்கொள்ள மானியக் குழுவின் விதிகள் இடம் தருகின்றன. இருபது வருடம் ஏ.சி. மெக்கானிக்காகவும் வெல்டராகவும் இருந்து திரும்பிய சபுராளிகள் நம் ஊரில் பெட்டிக்கடை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ உள்ளவர்கள், சி.ஐ.டி.எஸ். என்ற ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சியை முடித்தால் ஐ.டி.ஐ.யில் பயிற்றுநர் ஆகத் தகுதி பெறலாம். சென்னை கிண்டியில் இதற்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பெண்களுக்கென்று திருச்சியில் ஒன்று உண்டு. எந்தச் சான்றும் இல்லாமல் கைத்தொழில் மட்டும் தெரிந்தவர்கள், முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில் தங்கள் திறமையைச் சோதித்துச் சான்று பெறலாம். முதுகலை முடித்து வீட்டில் இருக்கும் சகோதரிகள் நெட், செட் தேர்வுகளுக்குத் தயாராகலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். சமுதாயக் கல்லூரியில் கற்பிப்பதைச் சிறிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஜில் பைடன் தன் கணவர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தபோதும் வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

இனி நமது அறக்கட்டளையின் நடைமுறை. எந்தத் தொழிற்படிப்புக்கு உதவி கேட்டாலும், சான்றிதழ் வழங்கும் பல்கலைக்கழகம் அல்லது வாரியத்தின் பெயர், அந்த ஆண்டுக்கான அனுமதியின் நகல், முன்பு முடித்த ஒருவருடைய சான்றிதழின் நகல் ஆகிய மூன்றும் மனுவோடு இருக்க வேண்டும். இருந்தால் ஒரு வாரத்தில் முடிவு சொல்கிறோம். நகல்களை வாங்கிவரத் தெரியாத தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம். கல்லூரியின் பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள், நாங்களே விசாரிக்கிறோம். இந்த மாதமும் அடுத்த மாதமும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை அலுவலகத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்காகச் சனிக்கிழமை காலையில் நமது ஆசிரியை ஒருவர் இருப்பார். மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வாருங்கள், தவறிய பாடம் இருந்தாலும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவனுக்கு, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.