காணியை விற்றால் குடியிருப்பவர் எழும்ப வேண்டுமா?

நம்ம தோட்டத்துக் குடும்பங்கள் சில இப்போது லயத்தை விட்டு, ஹந்தானை அடிவாரத்தில் தனியார் வீடுகளில் வாடகைக்கு இருக்கின்றன. இன்னும் சிலர் வெளியில் வயல் எடுத்து அந்தேக்குச் செய்கிறார்கள். "காணிய வித்தாச்சு, மாசக் கடைசியில எழும்புங்க" என்று சொந்தக்காரர் சொன்னதும் பயந்து சாமான் கட்டிவிடாதீர்கள்.

விற்றதால் மட்டும் வாடகை உரிமை அறுந்துபோகாது. வாங்கியவர் வாடகைக்காரரோடு சேர்த்தே வாங்குகிறார். இனி வாடகை அவருக்கு. ஆகவே பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வயல் என்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குத்தகை விவசாயிக்கே முதலில் விற்கக் கேட்க வேண்டும். கேட்காமல் விற்றால் கமநல சேவை நிலையத்தில் முறையிடலாம்.

அதிகம் அடிபடுவது முற்பண விஷயத்தில்தான். "நீயே வாங்கிக்க தம்பி" என்ற வாய்ப்பேச்சை நம்பி, நகையை அடகு வைத்துக் காசு கொடுக்கிறார்கள். பிறகு கூடின விலைக்கு வேறு ஆள் வந்துவிடுகிறார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு முன் எழுதாத காணி விற்பனை செல்லாது. கடதாசித் துண்டில் முத்திரை ஒட்டி ஒப்பமிட்டாலும் காணி உங்களுடையதாகாது. ஆனால் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம்.

அதற்குத்தான் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது இது. சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட காசு, காணிப் பிணக்கை இங்கே காட்டாமல் நேரே வழக்குப் போட முடியாது. மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். ஆளுக்கு ஒருவரை இரு பக்கமும் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். சட்டத்தரணி வர முடியாது, அதனால் அந்தச் செலவும் இல்லை. பெரும்பாலும் சனி, ஞாயிறில் பாடசாலையிலோ விகாரையிலோ கூடுவதால் பேரும் போகாது. உங்கள் பகுதிச் சபை எங்கே என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அவர்கள் நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் பேச வைப்பார்கள். இணங்கினால் எழுதி ஒப்பமிடுவார்கள். தவணை முறையில் காசு தருவதென்றால் திகதியும் தொகையும் அதிலே இருக்க வேண்டும். சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட்டு ஒப்பமிட்டுவிட்டுப் பிறகு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணங்காவிட்டால் தீர்க்க முடியவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். அதோடு நீதிமன்றம் போகலாம்.

இன்னொன்று. ஜனவசம தோட்டத்து லயத்து அறையைச் சிலர் காசுக்குக் கைமாற்றுகிறார்கள். அது அவர்கள் விற்கக்கூடிய சொத்தல்ல. வாங்கியவருக்கு உறுதி கிடைக்காது.