மேல்மாடிச் சவரில் தண்ணீர் ஏன் நூலாக ஒழுகுகிறது?

கேள்வி: ஐயா, போன வருசம் மேல்மாடி கட்டினோம். மொட்டைமாடித் தாங்கியிலிருந்து கீழ்க் குழாய்களுக்குத் தண்ணீர் நன்றாக வருகிறது. மேலே சவரைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகுகிறது. மீற்றருக்குப் பக்கத்தில் மோட்டர் பூட்டி, தண்ணீர்ச் சபையின் லைனிலிருந்தே இழுக்கலாம் என்கிறார் பைப் வேலை செய்தவர். பூட்டலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: பூட்ட வேண்டாம், சகோதரி. மோட்டர் உறிஞ்சும்போது லைனில் எங்காவது வெடிப்பு இருந்தால், அது வழியாக வெளித்தண்ணீரும் உள்ளே வரும். நம் ஊரில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கிறது. மலசலகூடக் குழிகளும் பக்கத்திலேயே. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அதில் குழித்தண்ணீரைக் கலந்து அயல்வீட்டுக்கும் கொடுப்பீர்கள்.

உங்கள் வீட்டில் குறை உயரத்தில்தான். 10 மீற்றர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். தாங்கி தட்டின் மேலேயே இருந்தால் சவருக்கும் அதற்கும் இடையில் ஒரு மீற்றர் இருந்தாலே அதிகம், கிடைப்பது 0.1 பார். கீழ்மாடிக்கு இன்னும் மூன்று மீற்றர் சேர்கிறது, அதனால் அங்கே குறை தெரியவில்லை.

காசு செலவழிக்க முதல் சவர்த் தலையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தண்ணீர் தாராளமாக விழுந்தால் துளைகள்தான் அடைத்திருக்கின்றன. ஓர் இரவு வினாகிரியில் ஊறப்போட்டால் போதும். இல்லையென்றால் தாங்கியிலிருந்து வரும் பைப்பைப் பாருங்கள். முழுத் தூரமும் அரை இஞ்சி ஓடியிருந்தால் குளியலறை வரை ஓர் இஞ்சியாக மாற்றுங்கள். எல்போக்களையும் குறைக்கச் சொல்லுங்கள்.

தாங்கியை இரண்டு மீற்றர் உயர்த்தினால் அழுத்தம் மூன்று மடங்காகும். ஆனால் 1000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன் பாரம். கல்லடிக் கடற்காற்றில் இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடித்துவிடும். தூண்களுக்கு நேர் மேலே கொங்கிறீற்றில் கட்டுங்கள். அதற்கு வசதியில்லை என்றால், தாங்கிக்கும் சவருக்கும் நடுவில் ஒரு சின்னப் பிறஷர் பம் பூட்டலாம். அது உங்கள் தாங்கித் தண்ணீரைத்தான் தள்ளும். ஊர்த் தண்ணீரை உறிஞ்சாது.

கிணற்றில் பெரிய மோட்டர் போடும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்த மணலில் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே வரும். 2004 சுனாமியில் உவர்த்த கிணறுகளை நன்னீராக்கியதில் பெரும்பங்கு மோட்டருக்கு இல்லை, மாரி மழைக்குத்தான்.